எட்டுத் துடுப்புப் படகில் யார் எங்கே?

ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? நீளமான ஒல்லிப் படகில் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துத் துடுப்பு வலிப்பார்கள். ஆனால் எட்டுப் பேருமே வெற்றிக்கோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். படகு போகும் திசையைப் பார்த்தபடி இருப்பவர் ஒரே ஒருவர், ஒன்பதாவது ஆள். அவர் கையில் துடுப்பே இருக்காது.

வேடிக்கையாகத் தோன்றுகிறது, இல்லையா? இந்தப் படகில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு கணிதப் பேராசிரியர்கூட இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் போட்ட கணக்கை நீங்களும் போடலாம். கூட்டல் தெரிந்தால் போதும். அதற்கு முன்னால் படகைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த முதுகு சமாசாரம். நம் உடம்பில் மிகப் பலமான தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. பந்தயப் படகோட்டிகள் கையால் மட்டும் வலிப்பதில்லை, காலால் உதைத்து வலிக்கிறார்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள் உண்டு. அவை இரண்டு குட்டித் தண்டவாளங்களில் ஓடும். படகோடு சேர்த்துத் திருகிய காலணிகளுக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, துடுப்பை நீரில் இறக்கி, ஒரே உதை! இருக்கை பின்னால் சறுக்கும், துடுப்பும் கூடவே வரும். இப்படி உதைத்து வலிக்க வேண்டுமென்றால் படகின் பின்முனையைப் பார்த்து உட்கார்வதுதான் வழி.

அந்தக் காலணிகளை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் குதிகாலிலும் ஒரு சிறிய கயிறு கட்டியிருக்கும். படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்? காலை இழுக்கும்போது அந்தக் கயிறு காலணியின் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும். பாதம் மட்டும் கழன்று வெளியே வந்துவிடும். சின்னக் கயிறுதான், ஆனால் அது உயிரைக் காக்கும் கயிறு. அதைச் சரிபார்க்காமல் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் நம் கடலோர மக்கள் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். எட்டுத் துடுப்புப் படகின் நீளம் 17 மீட்டருக்கும் மேல். அகலமோ சுமார் 60 சென்டிமீட்டர்தான். எடை 96 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அணியத்தின் நுனியில் ஒரு வெள்ளை ரப்பர் பந்து பொருத்தியிருப்பார்கள். ஊசி போன்ற நுனி யாரையும் குத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த பந்து அது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: எந்தப் படகின் பந்து கோட்டை முதலில் தொடுகிறதோ அந்தப் படகுக்கே வெற்றி.

இருக்கைகளுக்கு அணியத்திலிருந்து எண் போடுவார்கள். அணியத்தை ஒட்டி இருப்பவர் 1. அமரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் 8. அவருக்கு எதிரே, முகத்துக்கு முகம் பார்த்தபடி, அமரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் துடுப்பில்லாத அந்த ஒன்பதாவது ஆள். அவருக்குக் காக்ஸ் என்று பெயர்.

காக்ஸ் சும்மா உட்கார்ந்து வருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சுக்கானைப் பிடித்திருப்பவர் அவர். எட்டுப் பேருக்கும் கண் அவர். "பக்கத்துப் படகு அரைப் படகு நீளம் முன்னால் போகிறது", "இன்னும் 500 மீட்டர்", "மூன்றாம் இருக்கை, துடுப்பைச் சீக்கிரம் இறக்கு" என்றெல்லாம் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டே வருவார். படகுக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகள் அணியம் வரை அவர் குரலைக் கொண்டுபோகும். சுக்கானை எவ்வளவு குறைவாகத் திருப்புகிறாரோ அவ்வளவு நல்ல காக்ஸ். ஏனென்றால் சுக்கான் திரும்பும்போதெல்லாம் அது தண்ணீரைத் தடுத்து வேகத்தையும் கொஞ்சம் தின்றுவிடும்.

துடுப்பு வலிக்காத எடையை எட்டுப் பேர் சுமக்க வேண்டுமே! அதனால் காக்ஸ் எவ்வளவு லேசாக இருக்கிறாரோ அவ்வளவு லாபம். இந்த ஆசை 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் அதிசயத்தை நடத்தியது. நெதர்லாந்தின் பிரான்சுவா பிராண்ட், ரூலோஃப் கிளைன் இருவரும் இரட்டையர் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய காக்ஸ் ஹெர்மானஸ் பிராக்மன் வளர்ந்த ஆள். மற்ற படகுகளில் சிறுவர்கள் காக்ஸாக இருப்பதைப் பார்த்தவர்கள், இறுதிப் போட்டிக்குப் பிராக்மனை இறக்கிவிட்டு, ஒரு பிரெஞ்சுச் சிறுவனை ஏற்றிக்கொண்டார்கள். சேன் நதியில் பந்தயம் நடந்தது. நூலிழையில் வென்றார்கள், தங்கம் கிடைத்தது. வென்ற இருவருக்கும் நடுவே அந்தப் பையன் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆனால் அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை! அவனுக்கு என்ன வயது என்பதும் ஊகம்தான். உங்கள் வயதாகவே இருந்திருக்கலாம். ஒலிம்பிக் வரலாற்றிலேயே மிகச் சிறிய வயதில் தங்கம் வென்றவன் அவனாக இருக்கக்கூடும். ஒரு பெயரைக் கேட்டு எழுத அங்கே யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

இப்போது அப்படிக் குழந்தைகளை ஏற்ற முடியாது. உலகப் போட்டிகளில் காக்ஸின் எடை குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் அந்த அளவுக்கு எடைப் பையைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். 2017 முதல் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது: ஆண்கள் படகுக்குப் பெண்ணும், பெண்கள் படகுக்கு ஆணும் காக்ஸாக இருக்கலாம். பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் எட்டுத் துடுப்புப் படகிலும், 2024 பாரிஸில் பெண்கள் எட்டுத் துடுப்புப் படகிலும் காக்ஸாக இருந்து இரண்டு வெண்கலம் வென்றார். காக்ஸுக்கும் பதக்கம் உண்டு. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் எட்டுத் துடுப்புப் படகு வெள்ளி வென்றபோது மேடையில் ஏறியவர்கள் ஒன்பது பேர்.

இனி துடுப்புக்காரர்களிடம் வருவோம். 8-ஆம் இருக்கையில் இருப்பவருக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். அவர் முதுகைப் பார்த்தபடிதான் மற்ற ஏழு பேரும் வலிக்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை வலிப்பது, எவ்வளவு நீளமாக வலிப்பது என்ற தாளத்தை வைப்பவர் அவர்தான். பந்தயத்தின் நடுவில் நிமிடத்துக்கு 36 முதல் 40 வலிப்பு வரை போகும். அத்தனை களைப்பிலும் தாளம் பிசகக் கூடாது.

ஒரு சின்ன இடைச்செருகல். துடுப்பு தண்ணீரில் இருக்கும்போதுதான் படகு மிக வேகமாகப் போகும் என்று நாம் நினைப்போம். உண்மை நேர்மாறு! வலித்து முடித்து, துடுப்பைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் அமரத்தை நோக்கிச் சறுக்கி வருகிறார்களே, அந்த நேரத்தில்தான் படகு உச்ச வேகத்தில் போகும். ஆளுக்கு 90 கிலோ என்று வைத்தால் எட்டுப் பேரும் சேர்ந்து 720 கிலோ. படகோ 96 கிலோ. அவ்வளவு எடை அமரத்தின் பக்கம் நகரும்போது, காலணியோடு கட்டுண்ட லேசான படகு முன்னால் துள்ளிப் பாய்கிறது. வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, மேல் உடம்பை மெல்லப் பின்னால் சாய்த்தால் நாற்காலி முன்னால் நகரும். இதனால்தான் தாளம் இவ்வளவு முக்கியம். ஒருவர் அவசரப்பட்டு வேகமாகச் சறுக்கி வந்து முட்டி நின்றால், அந்த முட்டல் படகின் ஓட்டத்தை அப்படியே பிடித்து நிறுத்தும்.

எனக்கு மிகவும் பிடித்த இருக்கை 7-ஆம் எண். ஸ்ட்ரோக்கின் துடுப்பு ஒரு பக்கம் என்றால் ஏழாமவரின் துடுப்பு பெரும்பாலும் மறுபக்கம். ஸ்ட்ரோக் வைக்கும் தாளத்தை வாங்கி, மறுபக்கத்து மூன்று பேருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஸ்ட்ரோக் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பவரும் அவரே.

இதற்கு ஒரு கதை உண்டு. 1936, ஆகஸ்ட் 14. பெர்லினின் குரூனாவ் பகுதியில் ஓர் ஏரி. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிம்பிக் எட்டுத் துடுப்பு இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய ஸ்ட்ரோக் டான் ஹ்யூமுக்குக் கடுமையான சளியும் காய்ச்சலும். அவரை நிறுத்திவிடப் பயிற்சியாளர் நினைத்தார். "அவர் இல்லாமல் நாங்கள் இல்லை" என்று மற்றவர்கள் விடவில்லை. பந்தயம் தொடங்கியதே அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, தாமதமாகக் கிளம்பினார்கள். பாதி வழியில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். ஹ்யூமின் கண்கள் செருகின. கைகள் மட்டும் பழக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தன. காக்ஸ் பாப் மோக், தாளத்தை ஏழாம் இருக்கையின் ஜோ ரான்ட்ஸிடம் ஒப்படைத்துவிடலாமா என்று யோசித்த நேரத்தில், ஹ்யூம் கண் திறந்தார். வேகத்தைக் கூட்டினார். கடைசியில் மக்கள் போட்ட கூச்சலில் காக்ஸின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மோக் படகின் பக்கப் பலகையை மரக்கட்டையால் தட்டித் தட்டித் தாளம் கொடுத்தார். 6 நிமிடம் 25.4 விநாடி. இத்தாலி 0.6 விநாடி பின்னால், ஜெர்மனி 1 விநாடி பின்னால். எட்டுப் பேரும் ஒன்பதாவது ஆளும் சேர்ந்து வாங்கிய தங்கம் அது.

நடுவில் 3 முதல் 6 வரை இருப்பவர்களுக்கு இன்ஜின் ரூம் என்று செல்லப் பெயர். படகு அங்கேதான் அகலம், மிதக்கும் பலமும் அங்கேதான் அதிகம். அதனால் உயரமும் எடையும் பலமும் கொண்டவர்கள் அங்கே. அணியத்தின் பக்கம் இருக்கும் 1, 2 இருக்கைக்காரர்கள் பெரும்பாலும் சற்றே லேசானவர்கள், துடுப்பு நுட்பத்தில் கெட்டிக்காரர்கள். அணியம் ஒடுக்கமானது. அங்கே ஒருவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் படகு சாய்ந்து எல்லோருடைய துடுப்பையும் கெடுக்கும். காக்ஸ் இல்லாத நால்வர் படகும் உண்டு. அதில் யாராவது ஒருவரின் காலணியிலிருந்து சுக்கானுக்குக் கம்பி போகும். பாதத்தைத் திருப்பியே படகைத் திருப்புவார். வலிக்கவும் வேண்டும், திசையும் பார்க்க வேண்டும்!

எட்டுப் பேர் வலித்தால் ஒருவர் வலிப்பதைவிட எட்டு மடங்கு வேகம் வருமா? 2017-இல் போலந்தின் போஸ்னான் நகரில் ஜெர்மனியின் எட்டுப் பேர் 2,000 மீட்டரை 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தார்கள். அதே போட்டியில் நியூசிலாந்தின் ராபி மேன்சன் தனியாளாக 6 நிமிடம் 30.74 விநாடியில் கடந்தார். வகுத்துப் பாருங்கள்: எட்டுப் பேரின் வேகம் தனியாளைவிட 1.23 மடங்குதான்! தண்ணீர் அவ்வளவு பிடிவாதக்காரி. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதோடு எட்டுப் பேரைத் தாங்கப் பெரிய படகும் வேண்டும், பெரிய படகை நனைக்கும் தண்ணீரும் கூடுதல்.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்க்கும் வேகத்தில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது. இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம்.

எட்டுத் துடுப்புப் படகில் ஒருவருக்கு ஒரே ஒரு துடுப்பு. நான்கு பேருக்கு இடப்பக்கம், நான்கு பேருக்கு வலப்பக்கம். வழக்கமாக இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி அமர்வார்கள். பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப் போகும் படகின் அணியம் ஒவ்வொரு வலிப்பிலும் பாம்பு போல லேசாக நெளிகிறது. ஏன்?

துடுப்பு படகை முன்னால் மட்டும் தள்ளுவதில்லை. வலிப்பின் முதல் பாதியில் துடுப்பு அணியத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்போது அது தன் பக்கத்திலிருந்து படகைக் கொஞ்சம் உள்பக்கமாக, அதாவது எதிர்ப்பக்கம் பார்த்துத் தள்ளும். இரண்டாம் பாதியில் வெளிப்பக்கமாக இழுக்கும். இடத்தில் நான்கு, வலத்தில் நான்கு இருப்பதால் இந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் தள்ளும் இடம் ஒன்றல்லவே! கதவைக் கீல் பக்கத்தில் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள், அசையாது. கைப்பிடி பக்கத்தில் அதே விரலால் தள்ளுங்கள், திறந்துகொள்ளும். பலம் ஒன்றேதான், தூரம் கூடினால் திருப்பும் திறன் கூடுகிறது. படகிலும் அப்படித்தான்.

நால்வர் படகை எடுத்துக்கொள்வோம். இருக்கை எண்ணையே தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாறி மாறி அமர்ந்தால் ஒரு பக்கம் 1, 3. மறுபக்கம் 2, 4. கூட்டினால் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6. சமமில்லை. அந்த வித்தியாசம்தான் படகை நெளிய வைக்கிறது. சுக்கானைத் திருப்பி அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், வேகம் வீணாகும்.

இதற்கு ஒரு வழியை மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மாண்டெல்லோ என்ற ஊரில் மோட்டோ குட்சி தொழிற்சாலை இருக்கிறது. அதன் பொறியாளர் ஜூலியோ செசாரே கார்கானோ, தொழிற்சாலையின் படகுக் குழு பயிற்சி செய்வதைப் பார்த்து, நடுவில் இருக்கும் இருவரையும் ஒரே பக்கம் துடுப்புப் போடச் சொன்னார். ஒரு பக்கம் 1, 4. மறுபக்கம் 2, 3. இரண்டும் 5! நெளிவு நின்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் காக்ஸோடு போகும் நால்வர் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர்கள் இந்தத் தொழிற்சாலைக் குழுவினர்தான்.

எட்டுப் பேர் படகுக்கு? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜான் பேரோ 2009-இல் இதை ஆராய்ந்தார். 1 முதல் 8 வரை கூட்டினால் 36. பாதி 18. ஆக, கூட்டினால் 18 வரும்படி நான்கு எண்களைப் பொறுக்க வேண்டும். மீதி நான்கும் தானாகவே 18 ஆகிவிடும். இங்கே நிறுத்திவிட்டு, ஒரு தாளை எடுத்து நீங்களே தேடுங்கள். 1 இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தேடிவிட்டீர்களா? 1, 4, 5, 8 ஒன்று. இது இத்தாலியர்களின் வரிசையையே இரண்டு முறை அடுக்கியது. 1, 3, 6, 8 ஒன்று. 1, 2, 7, 8 ஒன்று. கடைசியாக, சட்டென்று கண்ணில் படாத 1, 4, 6, 7. நான்கே நான்கு வழிகள், ஐந்தாவது கிடையாது. இவற்றில் சிலவற்றைப் படகோட்டிகள் அனுபவத்திலேயே ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். பேரோவின் கணக்கு எல்லா வழிகளையும் மொத்தமாக எடுத்து வைத்தது.

அப்படியானால் எல்லாப் படகுகளும் ஏன் இப்படி மாறவில்லை? மாறி மாறி அமரும் வரிசையில் ஒரு பக்கத்துத் துடுப்புகளுக்கு இடையே தாராளமாக இடம் இருக்கும். அடுத்தடுத்து இருவர் ஒரே பக்கம் என்றால், ஒருவர் கலக்கிவிட்ட தண்ணீரில் இன்னொருவர் துடுப்பை இறக்க வேண்டியிருக்கும், துடுப்புகள் இடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதோடு, கணக்கில் எட்டுப் பேரும் சம பலம். நிஜப் படகில் அப்படி இருப்பதில்லை. இடப்பக்கத்து மூன்றாமவர் வலப்பக்கத்து நான்காமவரைவிடப் பலசாலியாக இருந்தால் பயிற்சியாளர் வேறு கணக்குப் போடுவார்.

ஆறு பேர் படகு ஒன்று கட்டினால் என்ன செய்யலாம்? 1 முதல் 6 வரை கூட்டினால் 21. ஒற்றைப்படை எண், இரண்டு சம பாதியாகப் பிரியாது. எப்படி உட்கார வைத்தாலும் அந்தப் படகு நெளியத்தான் செய்யும். இருவர் படகின் கதையும் அதேதான்: ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2. ஆனாலும் ஒலிம்பிக்கில் இருவர் படகு நேராகத்தானே போகிறது? இருவரும் ஒரே மாதிரி வலிக்காததால்! வலிப்பின் தொடக்கத்தில் அணியத்தில் இருப்பவரின் தள்ளல் மேலோங்கும். அதை ஈடுகட்ட, ஸ்ட்ரோக், அதாவது அமரத்துப் பக்கம் இருப்பவர், அந்த நேரத்தில் கூடுதல் அழுத்தம் கொடுப்பார். முடிவு நெருங்கும்போது நிலைமை தலைகீழ்; அப்போது அணியத்தில் இருப்பவர் அழுத்தத்தைக் கூட்டுவார். கரையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டு துடுப்பும் ஒரே மாதிரி போய் வருவதாகத்தான் தெரியும்.